தேடிப் போய் மாட்டிக்கொள்பவர்கள்: டொர்னாடோப் படங்கள் ஏன் இழுக்கின்றன?

பேரழிவுப் படங்களில் மனிதர் ஓடும் திசை ஒன்றுதான். நிலம் பிளந்தாலும் கடல் எழும்பினாலும் எரிமலை வெடித்தாலும் எல்லாரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுவார்கள். மேகத்திலிருந்து நிலம் வரை இறங்கும் சுழல்காற்றான டொர்னாடோவைப் பற்றிய படத்தில் மட்டும் வண்டி அதை நோக்கித் திரும்பும். வானம் கறுத்ததும் ஊர்ச்சனம் நிலவறைக்குள் இறங்க, நாலைந்து பேர் மட்டும் வரைபடத்தை விரித்து, இன்னும் இரண்டு சந்தி தாண்டினால் பிடித்துவிடலாம் என்று அக்சிலரேட்டரை மிதிப்பார்கள். வெளியே பார்த்தால் பேரழிவுப் படம். உள்ளே இருப்பது வேட்டைப் படம். மிருகத்தின் இடத்தில் காற்று.

இந்த வகைக்கு அளவுகோல் வைத்த படம் 1996 இல் யான் டி பொன்ட் இயக்கிய ‘ட்விஸ்டர்’. உலகம் முழுவதும் ஏறக்குறைய 49 கோடி டொலர் வசூலித்தது. 28 வருடங்கள் கழித்து, 2024 இல் லீ ஐசக் சங் இயக்கி வந்த ‘ட்விஸ்டர்ஸ்’ ஏறக்குறைய 37 கோடி டொலர். இரண்டும் நடப்பது அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்து வயல்வெளிகளில். அந்த மாநிலத்தைப் படத்தில் மட்டுமே கண்ட கொழும்புக்காரரும் இவற்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். காரணம் கதை என்று சொல்லிவிட முடியாது. இரண்டு படங்களுக்கும் கதை மெலிந்ததுதான். காரணம் அந்தக் காற்றின் உருவத்தில் இருக்கிறது.

திரைக்குள் அடங்கும் அபாயம்

நமக்குத் தெரிந்த சூறாவளியை எடுத்துக்கொள்ளுங்கள். 1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பைத் தாக்கியது போன்ற ஒன்று நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலம் கொண்டது. அதற்குள் நிற்பவருக்குத் தெரிவது மழையும் முறியும் தென்னையும்தான். முழு உருவத்தைச் செய்மதிப் படத்தில் மட்டுமே காணலாம். வெள்ளம் அதைவிட மோசம். களனி கங்கை பெருகினால் கொழும்பில் எல்லாரும் நாகலகம் வீதி அளவுகோல் எத்தனை அடி காட்டுகிறது என்று கேட்டுக்கொண்டிருப்போம். அடி அடியாக, மணித்தியாலக் கணக்கில் ஏறும் தண்ணீரை வைத்துச் செய்தி எழுதலாம், பரபரப்பான காட்சி எடுப்பது கஷ்டம்.

டொர்னாடோ அப்படியல்ல. பெரும்பாலானவை சில பத்து மீற்றர் முதல் சில நூறு மீற்றர் வரை அகலம். தூரத்தில் கமெராவை வைத்தால் மேகத்தின் அடியிலிருந்து நிலம் வரை முழு உருவமும் ஒரே சட்டகத்தில் அடங்கும், பக்கத்தில் ஒரு மனிதரையும் நிறுத்தலாம். பெரும்பாலானவை பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகின்றன. அதுவே திரைக்கதையில் ஒரு நல்ல காட்சியின் நீளம். நகரும் வேகம் பொதுவாக மணிக்கு 50 கிலோமீற்றரை ஒட்டியது, ஆகவே காரில் துரத்தவும் முடியும், கார் அதனிடம் மாட்டிக்கொள்ளவும் முடியும். ஒரு வீட்டை அத்திவாரத்தோடு வழித்துவிட்டு அடுத்த வீட்டுக் கொடியில் காயும் துணியை விட்டுச்செல்லும் அதன் போக்கில் ஒரு வில்லனுக்குரிய குணமும் தெரிகிறது. இயற்கையே திரைக்கதை எழுத்தாளருக்காக அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தது போன்ற பேரழிவு வேறு எதுவும் இல்லை.

நம்மூர்ப் பார்வையாளருக்கு இன்னொன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்த நாட்டில் சுனாமிப் படத்தைப் பொப்கோர்னுடன் பார்ப்பது எல்லாராலும் முடியாது. 2025 நவம்பரில் டித்வா சூறாவளி கொண்டுவந்த வெள்ளமும் மண்சரிவும் இன்னும் ஆறாத காயம். டொர்னாடோ நம் வீட்டுக் கதவைத் தட்டிய அபாயம் அல்ல. அந்தத் தூரம்தான் பயத்தை ரசிக்கும் அனுமதியைத் தருகிறது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் டொர்னாடோவால் வீடிழந்தவர் இதே படத்தை வேறு மாதிரித்தான் பார்ப்பார்.

கொழும்பில் ஏன் வருவதில்லை?

படங்களில் யாரோ ஒருவர் கணினித் திரையைக் காட்டி, வாய்க்குள் நுழையாத பத்துச் சொற்களை ஒரே மூச்சில் சொல்வார். அதைப் புரிந்துகொள்ள நான்கு பொருள் போதும்: நிலத்தருகே சூடான ஈரக்காற்று, மேலே குளிர்ந்த காற்று, கீழ்க்காற்றை மேலே கிளப்பிவிட ஒரு தூண்டல், உயரத்துக்கு உயரம் மாறும் காற்றின் திசையும் வேகமும்.

முதல் மூன்றும் கொழும்பில் தாராளமாக இருக்கின்றன. ஏப்ரலில், பிறகு ஒக்டோபர் நவம்பரில், மத்தியானம் தாண்டியதும் கிழக்கே மேகம் கோபுரமாக எழும்பி நாலு மணிக்கு இடி மின்னலோடு கொட்டுவது அதனால்தான். உயரத்தில் நம்முடைய இடிமேகங்கள் அமெரிக்க மேகங்களுக்கு எந்த வகையிலும் குறைந்தவையல்ல. நான்காவதுதான் இங்கே பலவீனம். கீழேயும் மேலேயும் காற்று மெதுவாகவே இருப்பதால் மேகம் நேராக நிமிர்ந்து நிற்கிறது. அதிலிருந்து கொட்டும் மழையும் குளிர்காற்றும் அதற்கு உணவூட்டும் மேலெழும் காற்றின் மீதே விழுந்து அதை அணைத்துவிடுகின்றன. ஒரு மணித்தியாலத்தில் ஆட்டம் முடிந்துவிடும்.

ஒக்லஹோமாவில் ஏப்ரல் முதல் ஜூன் வரை நிலைமை வேறு. தரையருகே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரமான தென்கிழக்குக் காற்று. ஐந்தாறு கிலோமீற்றர் உயரத்தில் அதைவிடப் பலமடங்கு வேகமான மேற்குக் காற்று. மேலே வேகம், கீழே மந்தம் என்றானதும், இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் உருளும் பென்சில் போல, இடையில் உள்ள காற்று கிடையாக உருளத் தொடங்குகிறது. மேலெழும் காற்று அந்த உருளையை நிமிர்த்தும்போது மேகமே சுழல ஆரம்பிக்கிறது. இதுதான் சூப்பர்செல். அதன் சுழலும் நடுப்பகுதி சில கிலோமீற்றர் அகலம் இருக்கும். மழையும் மேலெழும் காற்றும் வெவ்வேறு இடத்தில் நடப்பதால் மேகம் தன்னைத் தானே அணைத்துக்கொள்வதில்லை. மணிக்கணக்கில் உயிரோடு ஓடும்.

கடைசிக் கட்டத்தில் மேகத்தின் பின்பக்கமாக இறங்கும் காற்று சுழற்சியைச் சுற்றி வளைத்து இறுக்க, தரையருகே சுழல் ஒடுங்கி வேகமெடுக்கிறது. ஆனால் பெரும்பாலான சூப்பர்செல்கள் டொர்னாடோவைப் பெறாமலே கலைந்துவிடுகின்றன. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டில் ஒன்று மட்டும் ஏன் பெறுகிறது என்பது இன்றும் ஆய்வுக்குரிய கேள்வி. இந்தப் படவகையே அந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது: உள்ளே என்ன நடக்கிறதென்று அளக்க வேண்டும், அளப்பதற்குக் கிட்டப் போக வேண்டும்.

பீப்பாவைக் கொண்டுபோய் வைப்பது

‘ட்விஸ்டரில்’ அந்த வேலைக்கு ஒரு கருவி. சிறு உணரிகள் நிரப்பிய உலோகப் பீப்பா. டொர்னாடோ வரும் பாதையில் அதை வைத்துவிட்டு ஓடிவிட வேண்டும். உணரிகள் உறிஞ்சப்பட்டு மேலே போய்த் தரவு அனுப்பும். கருவியின் பெயர் டொரதி. 1939 இன் ‘த விசார்ட் ஒஃப் ஒஸ்’ படத்தில் டொர்னாடோ தூக்கிச் சென்ற சிறுமியின் பெயர்.

இது வெறும் கற்பனையல்ல. அமெரிக்க விஞ்ஞானிகள் 1980களின் தொடக்கத்தில் 55 கலன் பீப்பாய் ஒன்றுக்குள் காற்று, அழுத்தம், ஈரப்பதன் அளக்கும் கருவிகளைப் பொருத்தி, லொறியில் ஏற்றிக்கொண்டு அலைந்தார்கள். அதற்கு டோட்டோ என்று பெயர். அதே படத்துச் சிறுமியின் நாய்க்குட்டி. பல பருவங்கள் அலைந்தும் அது ஒரு டொர்னாடோவின் நடுவில் மாட்டவேயில்லை. 1984 இல் ஒரு பலவீனமான டொர்னாடோவின் ஓரம் பட்டதும் கவிழ்ந்தது. புவியீர்ப்பு மையம் மிக உயரத்தில் இருந்ததே குறை. பிறகு டிம் சமராஸ் என்ற பொறியியலாளர் எதிர்வழியில் யோசித்தார்: தரையோடு ஒட்டிக்கிடக்கும் தட்டையான கூம்பு. 2003 ஜூன் 24 அன்று தெற்கு டகோட்டாவின் மன்செஸ்டர் என்ற சிற்றூருக்கருகில் அவர் வைத்த கருவியின் மேலாக டொர்னாடோ ஏறிப்போனது. அழுத்தம் 100 மில்லிபார் சரிந்தது பதிவானது. கொழும்பில் சாதாரண நாளொன்றில் அழுத்தம் ஏறி இறங்குவது மூன்று நான்கு மில்லிபார்தான் என்பதை வைத்துப் பார்த்தால் அந்த எண்ணின் கனம் விளங்கும்.

திரைக்கதைக்கு இந்தப் பீப்பா ஏன் அவசியம்? அது இல்லையென்றால் துரத்துகிறவர்கள் வெறும் விடுப்புப் பார்க்கிறவர்கள். அது இருந்தால் அவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. வேலை என்றால் தவறிப்போகவும் இடமுண்டு. ‘ட்விஸ்டரில்’ நான்கு டொரதிகள். முதல் மூன்றும் வேறு வேறு காரணங்களால் வீணாகின்றன. இடையில், உணரிகள் மேலே ஏறாததற்கு அவற்றுக்குச் சிறகு இல்லாததே காரணம் என்று கண்டுபிடித்து, சோடா டின்களை வெட்டி முறுக்கிக் காற்றாடி போலச் செருகுகிறார்கள். முழுப் படத்திலும் மிக நல்ல நிமிடம் அதுதான் என்பது எங்கள் கருத்து. கோடிக்கணக்கான டொலர் கணினிக் காட்சிகளுக்கு நடுவில், கத்தரிக்கோலும் தகரமும் வைத்துக்கொண்டு கூட்டமாகக் குந்தியிருந்து ஒரு பிரச்சினையைத் தீர்க்கிறார்கள். துரத்தும் கும்பலோடு நாமும் சேர்ந்துவிட வேண்டும் போல் தோன்றுவது அங்கேதான்.

படம் தொடங்குவதே நிலவறைக் கதவு பிய்ந்து தந்தையைக் காற்று இழுத்துச்செல்லும் 1969 ஆம் ஆண்டுக் காட்சியோடு. ஆகவே நாயகிக்கு ஆராய்ச்சியோடு பழிவாங்கலும் உண்டு. காற்றிடம் பழிவாங்க முடியாது என்பது அவளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

ஐந்து படி, ஒரு மௌனம்

1971 இல் டெட் ஃபுஜிட்டா என்ற ஜப்பானிய அமெரிக்க ஆய்வாளர் டொர்னாடோக்களைத் தரம் பிரிக்க ஒரு அளவையைக் கொடுத்தார். 2007 முதல் அமெரிக்காவில் அதன் திருத்திய வடிவம் பயன்படுகிறது: பூச்சியம் முதல் ஐந்து வரை. ஐந்து என்றால் மணிக்கு 322 கிலோமீற்றருக்கு மேற்பட்ட காற்று. படங்களுக்கு இது ஆயத்தமாகக் கிடைத்த ஏணி. ஒன்றைக் காட்டு, பிறகு இரண்டு, மூன்று. ஐந்தை மட்டும் கடைசிவரை ஒளித்து வை. ‘ட்விஸ்டரில்’ எல்லாரும் ஒரு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு சிரித்துப் பேசும் காட்சியில், விஷயம் தெரியாமல் கூட வந்த பெண், ஐந்தாம் தரம் எப்படியிருக்கும் என்று கேட்கிறாள். மேசை அப்படியே அமைதியாகிவிடுகிறது. ஒரு காற்றையும் காட்டாமல் படத்தின் மிகப்பெரிய பயத்தை அங்கே நட்டுவிடுகிறார்கள். அந்தப் பெண் பாத்திரமே நமக்காக வைக்கப்பட்டவள். அவளுக்கு விளக்கும் சாட்டில் நமக்கு விளக்கம் நடக்கிறது.

இதில் ஒரு பெரிய பொய் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் டொர்னாடோவைப் பார்த்து ‘இது நான்கு’ என்று யாரும் தரம் சொல்ல முடியாது. எல்லாம் முடிந்தபின் ஆய்வாளர்கள் இறங்கி, வீடு, பாடசாலை, மின்கம்பம், மரம் என்று 28 வகைச் சேதக் குறிகாட்டிகளைப் பார்த்துத் தரம் இடுகிறார்கள். 2013 மே 31 அன்று ஒக்லஹோமாவின் எல் ரீனோவில் வந்தது 4.2 கிலோமீற்றர் அகலம். நடமாடும் ராடர் அளந்த காற்று ஐந்தாம் தரத்துக்குரியது. ஆனால் பெரும்பாலும் திறந்த வயலில் போனதால் சேதக் கணக்கில் அதற்குக் கிடைத்தது மூன்றாம் தரம். டிம் சமராஸ், அவருடைய மகன், உடன் சென்ற இன்னோர் ஆய்வாளர் ஆகிய மூவரும் உயிரிழந்தது அதில்தான். ஒக்லஹோமாவின் கிராமப் பாதைகள் ஏறக்குறைய 1.6 கிலோமீற்றருக்கு ஒன்றாகச் சதுரங்கக் கட்டம் போட்டவை. வேட்டைக்காரர் வழக்கமாகப் புயலின் தெற்கு அல்லது தென்கிழக்கில் நின்று, தெற்கே ஓட ஒரு பாதையைக் கையில் வைத்துக்கொள்வார்கள், ஏனென்றால் பெரும்பாலான டொர்னாடோக்கள் வடகிழக்கு நோக்கிப் போகும். எல் ரீனோவில் அது சில நிமிடங்களில் அகலித்து, திசை மாறி, வேகமும் எடுத்தது. அனுபவம் நிறைந்தவர்களுக்கே கணக்குத் தப்பியது.

காற்றைக் காட்டுவதும் கேட்கவைப்பதும்

காற்று கண்ணுக்குத் தெரியாது. தெரிவதெல்லாம் நீராவியும் தூசியும் பறக்கும் பொருட்களும். 1939 இல் ‘த விசார்ட் ஒஃப் ஒஸ்’ படத்துக்கு 35 அடி நீள மஸ்லின் துணிக்குழாயைச் செய்து, மேல்நுனியைப் பாரந்தூக்கியிலும் கீழ்நுனியைத் தண்டவாளத்திலும் பொருத்தி நகர்த்தி, தூசியை ஊதிப் படமெடுத்தார்கள். இன்று பார்த்தாலும் அது நெளியும் விதம் உண்மைக்கு அருகில் இருக்கிறது.

1996 இல் உருவத்தைக் கணினி கவனித்துக்கொண்டது. சிக்கல் வெளிச்சத்தில் வந்தது. புயலுக்கு முந்திய வானம் இருண்டிருக்க வேண்டும், படப்பிடிப்பு நாட்களிலோ வெயில். பின்னணி வானத்தை இருட்டாக்க லென்சின் துவாரத்தைச் சுருக்கினால் காருக்குள் இருக்கும் முகங்களும் இருண்டுபோகும். ஆகவே முகத்தில் மிகப் பிரகாசமான விளக்குகளை அடித்தார்கள். நடிகர்கள் ஹெலன் ஹன்ட், பில் பக்ஸ்டன் இருவருக்கும் தற்காலிகமாகக் கண் பார்வை பாதிக்கப்பட்டது. அந்தக் காட்சிகளில் அவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருப்பது முழுவதும் நடிப்பல்ல.

ஒலிதான் இந்தப் படங்களின் பாதி உயிர். ‘ட்விஸ்டரின்’ காற்றுக்குள் ஒட்டகத்தின் முனகலை மெதுவாக்கிக் கலந்திருக்கிறார்கள், அதனால் அது உயிருள்ள ஏதோவொன்றின் உறுமல் போல் கேட்கிறது. ஆகவே இந்தப் படங்களைக் கைத்தொலைபேசி ஸ்பீக்கரில் பார்ப்பது வீண். அடித்தொனி அதில் வெளியே வரவே வராது. மிஞ்சுவது சைகை காட்டும் நடிகர்கள் மட்டும். தியேட்டர் வாய்க்காவிட்டால் காதை மூடும் ஹெட்போன் போதும். ரீவியில் இரவு நேர ஒலிமுறை போடப்பட்டிருந்தால் அதை நிறுத்துங்கள். அது மெல்லிய ஒலியை உயர்த்திப் பெரிய ஒலியை அமுக்கும், இந்தப் படங்களோ அந்த வித்தியாசத்தில்தான் பிழைக்கின்றன. அயல்வீட்டாரின் பொறுமை உங்கள் பொறுப்பு.

எங்கே சறுக்குகிறார்கள்

2014 இன் ‘இன்டு த ஸ்டோர்ம்’ ஒரு நல்ல பாடம். ஆட்களே கையில் வைத்திருக்கும் கமெராக்களால் எடுத்தது போன்ற பாணி, நெருப்புச் சுழல், விமான நிலையத்தில் பறக்கும் பயணிகள் விமானங்கள், மேகத்துக்கு மேலே தூக்கிச் செல்லப்படும் கவச வண்டி. எல்லாம் இருக்கிறது, காத்திருப்பு மட்டும் இல்லை. உண்மையான வேட்டையில் காலையில் வானிலைத் தரவு பார்த்து ஒரு ஊரைத் தெரிவு செய்து, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் ஓடி, பெற்றோல் நிலையத்தில் மேகம் பார்த்து நின்று, ஒன்றும் இல்லாமல் திரும்பும் நாட்களே அதிகம். அந்த வெறுமையில் கொஞ்சமாவது படத்தில் இல்லையென்றால், டொர்னாடோ வரும்போது அது பஸ் வந்த மாதிரித்தான் இருக்கும்.

மழைத்திரைக்குள் மறைந்து வருவதையும் இரவில் வருவதையும் படங்கள் போதிய அளவு காட்டுவதில்லை. உயிராபத்து அதிகமானது அவற்றில்தான், ஆனால் திரையில் பார்க்க ஒன்றும் இருக்காது. ‘ட்விஸ்டரின்’ முடிவில் இருவர் தோல் பெல்ட்டால் குழாயில் தம்மைக் கட்டிக்கொண்டு ஐந்தாம் தரத்துக்குள் தப்புவது நம்பக்கூடியதல்ல. காற்று விட்டுவைத்தாலும் பறக்கும் மரத்துண்டும் தகரமும் விடாது. பாலத்தின் கீழ் ஒதுங்குவது பாதுகாப்பு என்ற நம்பிக்கை 1991 இல் கன்சாஸில் எடுத்த ஒரு தொலைக்காட்சி வீடியோவால் பரவி, 1999 மே 3 அன்று ஒக்லஹோமாவில் மூன்று உயிர்களை வாங்கியது. பாலத்தின் கீழ் காற்று ஒடுங்கி வேகம் கூடும். ‘ட்விஸ்டர்ஸில்’ ஈரத்தை உறிஞ்சும் இரசாயனத்தைத் தூவி டொர்னாடோவையே கலைக்கிறார்கள். ஒரு பெரிய இடிமேகத்தில் உள்ள நீரை இலட்சக்கணக்கான தொன்னில் கணக்கிட வேண்டும். அதற்கு ஒரு லொறிச் சுமை எந்த மூலைக்கு? இருந்தாலும் பேரழிவில் வீடிழந்தவர்களிடம் அடிமாட்டு விலைக்குக் காணி வாங்கும் முதலீட்டாளரைக் கதைக்குள் கொண்டுவந்தது அந்தப் படத்துக்கு நல்ல மதிப்பெண்.

இன்னொரு இடைவெளி பற்றி யாரும் பேசுவதில்லை. பதிவில் உள்ளவற்றில் அதிக உயிர்களைக் கொன்றதாகக் கருதப்படும் டொர்னாடோ அமெரிக்காவில் நடந்ததல்ல. 1989 ஏப்ரல் 26 அன்று பங்களாதேஷின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் ஏறக்குறைய 1,300 பேர் இறந்தார்கள். அதைப் பற்றி ஹொலிவூட் படம் இல்லை, வரவும் மாட்டாது. துரத்துவதற்குக் கட்டம் போட்ட வெற்றுப் பாதைகளும் ராடரும் மலிந்த பெற்றோலும் மனிதர் குறைந்த சமவெளியும் வேண்டும். சன அடர்த்தி மிக்க, தகரக் கூரை வீடுகள் நிறைந்த கிராமத்தில் வேட்டை என்ற எண்ணமே எழாது.

முதல் தடவை பார்க்க வரிசை கேட்டால்: ‘த விசார்ட் ஒஃப் ஒஸ்’ படத்தின் முதல் இருபது நிமிடம், பிறகு 1996, பிறகு 2024. 2014 படத்தைக் கடைசியில், பார்க்கவேண்டும் என்றால் மட்டும். 1996 இல் திறந்தவெளித் திரையையும் 2024 இல் ஊர்த் தியேட்டரையும் காற்று பிய்த்துப் போடும் காட்சிகளை அடுத்தடுத்துப் பாருங்கள். முதலாவதில் திரை கிழியும்போது படம் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டாவதில் திரை இருந்த சுவரே போய், சதுரமான ஓட்டைக்குள் உண்மையான டொர்னாடோ நிற்கிறது, ஆசனங்களைப் பிடித்துக்கொண்டு சனம் அதைப் பார்க்கிறது.